உட்கார வைத்துவிட்டு எழுப்பினார்கள்: யுனைடெட் 3411-உம் ஸ்டாண்ட்பை பட்டியலும்

2017 ஏப்ரல் 9, ஞாயிற்றுக்கிழமை மாலை. சிகாகோ ஓ'ஹேர் விமான நிலையத்தில், யுனைடெட் நிறுவனத்தின் 3411 எண் விமானத்தில், 69 வயது மருத்துவர் ஒருவரை இருக்கையிலிருந்து பிடித்து இழுத்து, விமானத்தின் நடுப்பாதையில் தரதரவென்று இழுத்துக்கொண்டு போன வீடியோவைப் பார்க்காதவர்கள் குறைவு. அப்போது எல்லோரும் எழுதினார்கள், திட்டினார்கள், மீம் போட்டார்கள். ஆனால் ஏன் நடந்தது என்று இன்று யாரைக் கேட்டாலும் இரண்டு பதில்தான் வரும். ஒன்று, "இருக்கையைவிட அதிகமாக டிக்கெட் விற்றுவிட்டார்கள்." இன்னொன்று, "ஸ்டாண்ட்பையில் ஓசியில் வந்த ஊழியர்களுக்காகக் காசு கொடுத்தவரை இறக்கிவிட்டார்கள்." முதலாவதை முதலில் சொன்னது விமான நிறுவனமேதான், இரண்டு நாள் கழித்து அதன் செய்தித் தொடர்பாளரே, விமானம் நிறைந்திருந்தது, ஆனால் கூடுதலாக விற்கப்படவில்லை என்று மாற்றிச் சொன்னார். இரண்டாவது அடிப்படையிலேயே தவறு, ஏனென்றால் அன்று இடம் கேட்டு வந்த நான்கு ஊழியர்களும் ஸ்டாண்ட்பையில், அதாவது இடம் மிஞ்சினால் ஏறலாம் என்று காத்திருக்கும் பட்டியலில், வந்தவர்களே இல்லை.

கேட்டில், அதாவது விமானத்தில் ஏறும் வாசலில், இருக்கைகள் எப்படிப் பங்கு போடப்படுகின்றன என்று தெரிந்துகொண்டு இந்தச் சம்பவத்தைப் பார்த்தால் கதை வேறு மாதிரி தெரியும். என் கணிப்பில் அன்று உடைந்தது ஒரே ஒரு விஷயம்தான்: வாசலுக்கு வெளியே, மேசையருகில் முடித்திருக்க வேண்டிய கணக்கை விமானத்துக்குள் எடுத்துக்கொண்டு போனார்கள். மற்றதெல்லாம் அதன் பின்விளைவு.

கேட்டில் காத்திருப்பவர்கள் யார் யார்

அமெரிக்க உள்நாட்டு விமானங்களை மனதில் வைத்துச் சொல்கிறேன். உறுதியான டிக்கெட்டுக்காரர்களை விட்டுவிடுங்கள். மீதிப் பேரில் முதல் கூட்டம், காசு கொடுத்த ஸ்டாண்ட்பை பயணிகள். இணைப்பு விமானத்தைத் தவறவிட்டவர்கள், விமானம் ரத்தானதால் அடுத்ததற்குத் தள்ளப்பட்டவர்கள், அப்புறம் இரவு விமானத்தில் டிக்கெட் இருந்தும் மாலை விமானத்திலேயே போய்விடலாமே என்று முயற்சி செய்பவர்கள். இந்தக் கடைசி வகைக்கு ஒரு காலத்தில் கட்டணம் இருந்தது. யுனைடெட் 2021 ஜனவரி 1 முதல் அதே நாள், அதே ஊர்களுக்கு இடையே என்றால் இலவசமாகப் பட்டியலில் பெயர் சேர்க்கலாம் என்று ஆக்கியது. செயலியிலேயே செய்துவிடலாம், கேட்டில் போய்க் கெஞ்ச வேண்டியதில்லை.

இரண்டாவது கூட்டம் ஊழியர்கள், ஓய்வுபெற்றவர்கள், அவர்களுடைய குடும்பத்தினர், அவர்கள் பாஸ் கொடுத்து அனுப்பும் நண்பர்கள். இவர்களை அந்தத் தொழிலில் நான்-ரெவ் என்பார்கள், அதாவது இவர்களால் நிறுவனத்துக்கு வருமானம் இல்லை. காசு கொடுத்த கடைசி ஆள் ஏறிய பிறகு மிச்சம் இருந்தால்தான் இவர்களுக்கு. இவர்களுக்குள்ளேயும் வரிசை உண்டு, சில நிறுவனங்களில் பணிமூப்புப்படி, சிலவற்றில் யார் முதலில் செக்-இன் செய்தார்கள் என்பதன்படி. உடை விஷயத்திலும் கட்டுப்பாடு உண்டு: 3411-க்குச் சரியாக இரண்டு வாரம் முன்பு, அதே நிறுவனம் டென்வரில் லெக்கிங்ஸ் போட்டிருந்த இரண்டு பெண் பிள்ளைகளை ஏற்ற மறுத்துத் திட்டு வாங்கியதே, அவர்கள் இந்தப் பாஸில் வந்தவர்கள்தான்.

மூன்றாவது, பணி நிமித்தமாக வேறு ஊருக்குப் போகும் விமானிகள், பணிப்பெண்கள். டெட்ஹெட் என்று சொல்வார்கள். இவர்கள் அந்த விமானத்தில் வேலை செய்ய மாட்டார்கள், பயணியாக உட்கார்ந்து போய், போன இடத்தில் இன்னொரு விமானத்தை ஓட்டுவார்கள். இவர்கள் பட்டியலின் அடியில் இல்லை, உச்சியில் இருப்பவர்கள். "கட்டாயம் ஏற்ற வேண்டியவர்" என்று கணினியில் குறி விழுந்துவிட்டால் ஸ்டாண்ட்பை ஆட்கள் என்ன, உறுதியான டிக்கெட் வைத்திருப்பவரையே அது தள்ளிவிடும். சிகாகோவில் வந்த நான்கு பேரும் இந்த வகை.

கடைசிக் கால்மணி நேரம்

நம்மூர் ரயில் வெயிட்டிங் லிஸ்ட்டுக்குப் பழகியவர்களுக்கு இதில் பாதி சொல்லாமலே புரியும். வித்தியாசம், ரயிலில் சார்ட் பல மணி நேரம் முன்பே தயாராகிவிடும், இங்கே சார்ட் போடுவது கதவு மூடுவதற்குச் சற்று முன்னால்தான். யுனைடெட்டின் உள்நாட்டு விமானம் என்றால் புறப்படும் நேரத்துக்கு 15 நிமிடம் முன்பு நீங்கள் கேட்டில் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் உங்கள் இருக்கை காலி என்று கணக்கு. அந்த நொடிக்காகத்தான் ஸ்டாண்ட்பை கூட்டம் மேசையைச் சுற்றி, ஆனால் மேசையை மறைக்காமல், அந்த ஒரு மாதிரியான அரைவட்டத்தில் நின்றுகொண்டிருக்கும்.

தலைக்கு மேல் ஒரு திரை. அதில் காத்திருப்பவர்களின் குடும்பப் பெயரில் முதல் மூன்று எழுத்து, சொந்தப் பெயரின் முதல் எழுத்து, வரிசை எண். இடம் கிடைத்தவர் பெயர் பக்கத்தில் இருக்கை எண் வந்துவிடும். (அங்கே வாழும் தமிழர்கள் பலருக்குப் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர்தான் குடும்பப் பெயர். ஆக, அப்பாவின் மூன்று எழுத்துதான் மேலே ஏறுகிறதா கீழே இறங்குகிறதா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்போம்.) பட்டியல் கீழே இறங்குமா என்றால், தாராளமாக இறங்கும். மூன்றாவதாக இருந்தவர் திடீரென்று ஒன்பதாவதாகிவிடுவார், காரணம் வேறெங்கோ ஒரு விமானம் ரத்தாகி அதிலிருந்து ஆறு பேர் இவருக்கு மேலே வந்து விழுந்திருப்பார்கள்.

செயலியில் இருக்கை வரைபடத்தைப் பார்த்து "ஏழு சீட் காலி, நமக்கு நிச்சயம்" என்று கணக்குப் போடுவது பெரும்பாலும் பலிக்காது. அந்த ஏழில் ஐந்து, டிக்கெட் வாங்கியும் இருக்கை எண் கொடுக்கப்படாத மலிவுக் கட்டணக்காரர்களுக்குப் போகும். அவர்களுக்கு எண் கொடுப்பதே கேட்டில்தான். அப்புறம் எடை. சின்ன ஜெட்களில் இது அடிக்கடி வரும்: போகிற ஊரில் வானிலை மோசம், வேறு ஊருக்குத் திருப்பிவிட வேண்டியிருந்தால் என்ன செய்வது என்று கூடுதல் எரிபொருள் ஏற்றியிருப்பார்கள், அல்லது கோடை வெயிலில் ஓடுபாதை கொதிக்கும்போது அத்தனை எடையோடு மேலெழும்ப முடியாது. இருக்கை காலியாக இருக்கும், கண்ணுக்கும் தெரியும், ஆனால் ஏற்ற மாட்டார்கள். ஸ்டாண்ட்பையில் நிற்பவர்களுக்கு இதைவிட வயிற்றெரிச்சல் எதுவும் இல்லை.

கேட் ஏஜென்ட்டை அந்த நேரத்தில் கவனித்திருக்கிறீர்களா? ஒரு காதில் போன், கண் திரையில், வராத இரண்டு பேரின் பெயரை மைக்கில் கடைசி முறையாகக் கூப்பிடுகிறார், உள்ளே இருந்து பணிப்பெண் வந்து தலைக்கு மேல் பெட்டி வைக்க இடமில்லை என்கிறார், இடையில் யாரோ ஒருவர் வந்து வைஃபை எப்படி என்று கேட்கிறார். பிரிண்டரிலிருந்து சீட்டு சரக்கென்று வெளியே வருகிறது. பெயர் கூப்பிடுகிறார். மூன்று பேர் குடும்பம், இரண்டே இடம். "இரண்டு பேர் போகிறீர்களா?" யோசிக்க அவர் கொடுப்பது நாலைந்து விநாடி, அதற்குள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றால் அடுத்த பெயருக்குப் போய்விடுவார். அப்போது விமான நிலைய நடைபாதையில் பெட்டியை உருட்டிக்கொண்டு மூச்சிரைக்க ஓடி வருகிறார், கடைசி அழைப்பில் பெயர் வந்தவர். அவருக்குக் கிடைக்குமா கிடைக்காதா என்பது, அவர் இருக்கை அந்த ஒரு நிமிடத்துக்குள் இன்னொருவருக்குப் போய்விட்டதா என்பதைப் பொறுத்தது.

குரூரமாகத் தெரிந்தாலும் இந்த ஏற்பாட்டில் ஒரு நியாயம் இருக்கிறது. எல்லா ஏமாற்றமும் வாசலுக்கு இந்தப் பக்கமே நடந்து முடிந்துவிடுகிறது. இடம் கிடைக்காதவர் கோபப்படலாம், மேசையைத் தட்டலாம், ஆனால் அவர் இன்னும் எதையும் கையில் வாங்கவில்லை. உள்ளே போய், பெட்டியை மேலே வைத்து, பெல்ட் போட்டுக்கொண்ட ஆளின் மனநிலை முற்றிலும் வேறு. விமான நிறுவனக்காரர்களுக்கு இது தெரியாததல்ல. வழக்கமாக அவர்கள் ஆள் குறைப்பதை வாசலில்தான் செய்வார்கள்.

அன்று மாலை நடந்தது

3411 மாலை 5:40-க்குக் கிளம்ப வேண்டிய விமானம், சிகாகோவிலிருந்து கென்டக்கி மாநிலத்தின் லூயிவில்லுக்கு. பெயர் யுனைடெட் எக்ஸ்பிரஸ், ஓட்டியது ரிபப்ளிக் ஏர்லைன் என்ற ஒப்பந்த நிறுவனம், விமானம் 70 இருக்கை கொண்ட எம்ப்ரேயர் 170. எல்லோரும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். அதன் பிறகு ரிபப்ளிக்கின் ஊழியர்கள் நான்கு பேர் கேட்டுக்கு வருகிறார்கள். அவர்கள் போகவேண்டிய வேறொரு விமானம் பழுது காரணமாகத் தாமதமாகியிருந்தது. மறுநாள் காலை லூயிவில்லில் அவர்களுக்குப் பணி. விமானப் பணியாளர்களுக்கு இத்தனை மணி நேரம் ஓய்வு கொடுத்தே ஆகவேண்டும் என்று சட்டம் இருப்பதால், ராத்திரி எந்நேரமாவது வந்து சேருங்கள் என்று விட்டுவிடவும் முடியாது. இவர்கள் போகாவிட்டால் மறுநாள் அங்கே ஒரு விமானம் நிறையப் பயணிகள் நடுத்தெருவில் நிற்பார்கள்.

இந்த இடம்வரை நிறுவனத்தின் கணக்கில் எனக்குப் பெரிய குறை தெரியவில்லை. நான்கு பேருக்குத் தொந்தரவா, ஒரு முழு விமானத்துக்குத் தொந்தரவா என்றால் யாராக இருந்தாலும் முதலாவதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். கோளாறு, அந்தக் கணக்கு வந்து சேர்ந்த நேரம். வாசல் பக்கத்துக் கதை முடிந்துவிட்டது. சார்ட் போட்டாகிவிட்டது.

யாராவது இறங்கத் தயாரா என்று முதலில் கேட்டபோது சொன்ன விலை 400 டாலரும் ஹோட்டல் அறையும். பிறகு விமானத்துக்குள்ளேயே வந்து 800 என்றார்கள். டாலர் என்றால் ரொக்கம் இல்லை, அதே நிறுவனத்தில் மறுபடி டிக்கெட் வாங்கப் பயன்படும் வவுச்சர். அடுத்த விமானம் திங்கட்கிழமை பிற்பகல். மறுநாள் வேலை நாள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

800-இல் ஏலம் நின்றுவிட்டது. இந்த வழக்கில் என்னை மிகவும் உறுத்துவது இதுதான், இழுத்துக்கொண்டு போனதைவிடவும்கூட. ஒருவரை விருப்பமின்றி இறக்கினால் கொடுக்க வேண்டிய நஷ்டஈட்டுக்கு அன்றைய சட்டம் 1,350 டாலர் என்று உச்சவரம்பு வைத்திருந்தது. ஆனால் தாமாக முன்வருபவருக்கு எவ்வளவு வேண்டுமானாலும் தரலாம், அதற்கு வரம்பே கிடையாது. 1,200 என்றால் யாராவது யோசித்திருப்பார்கள். 2,000 என்றால் இரண்டு பேர் போட்டி போட்டுக்கொண்டு எழுந்திருப்பார்கள். சிகாகோவிலிருந்து லூயிவில் சுமார் 480 கிலோமீட்டர், காரில் ஐந்து மணி நேரம். ஒரு வேன் பிடித்து அந்த நான்கு ஊழியர்களையோ, விருப்பமுள்ள நான்கு பயணிகளையோ அனுப்பியிருக்கலாம். கேட்டில் நின்றவர்களுக்கு இதெல்லாம் தோன்றாமல் இருந்திருக்காது. அதைச் செய்யும் அதிகாரம் அவர்கள் கையில் இல்லை. நிறுவனமே பின்னால் வெளியிட்ட ஆய்வறிக்கையும் கிட்டத்தட்ட இதைத்தான் ஒப்புக்கொண்டது.

ஏலம் நின்றதும் கணினி பெயர்களைத் தேர்ந்தெடுத்தது. இது குலுக்கல் அல்ல: கட்டண வகை, அடிக்கடி பறப்பவரா, எப்போது செக்-இன் செய்தார், இணைப்பு விமானம் இருக்கிறதா என்றெல்லாம் பார்த்துப் போடும் வரிசை, அதாவது ஸ்டாண்ட்பை பட்டியலைத் தலைகீழாகப் பிடித்த மாதிரி. வந்த நான்கு பெயர்களில் மூன்று பேர் இறங்கினார்கள். நான்காமவர், தான் மருத்துவர், காலையில் நோயாளிகளைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி மறுத்துவிட்டார். சிகாகோ நகர விமானத் துறையின் பாதுகாப்பு அலுவலர்களைக் கூப்பிட்டார்கள். மூக்கு உடைந்தது, இரண்டு பற்கள் போயின, தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி. இழுத்துக்கொண்டு போன பிறகும் அவர் எப்படியோ திரும்ப உள்ளே ஓடி வந்து, வாயில் ரத்தத்தோடு திரையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகணும், வீட்டுக்குப் போகணும் என்று சொல்லிக்கொண்டிருந்தது இன்னொரு வீடியோவில் இருக்கிறது. பிறகு எல்லோரையும் இறக்கி, ரத்தத்தைத் துடைத்து, மறுபடி ஏற்றி, சுமார் இரண்டு மணி நேரம் தாமதமாக விமானம் கிளம்பியது. அந்த நான்கு ஊழியர்களும் அதில்தான் போனார்கள், சக பயணிகளின் பேச்சைக் கேட்டுக்கொண்டே.

ஏலம் என்ற பழைய யோசனை

இதில் வேடிக்கை, இப்படி நடக்காமலிருக்க வழி கண்டுபிடித்து அப்போதே ஏறக்குறைய 50 ஆண்டு ஆகியிருந்தது. 1972-இல் நுகர்வோர் உரிமைப் போராளி ரால்ஃப் நேடரை, உறுதியான டிக்கெட் இருந்தும், அலெகனி ஏர்லைன்ஸ் ஏற்றாமல் விட்டுவிட்டது. ஆயிரம் பேரை விட்டிருக்கலாம், போயும் போயும் அவரையா! அவர் வழக்குப் போட்டார், அது உச்ச நீதிமன்றம்வரை போய் 1976-இல் அவர் வழக்கு நடத்தலாம் என்று தீர்ப்பானது. இதற்கும் முன்பே, 1960-களின் கடைசியில், பொருளாதார அறிஞர் ஜூலியன் சைமன் ஒரு யோசனை சொல்லியிருந்தார்: இடம் போதவில்லையா, யாரை இறக்குவது என்று நீங்கள் முடிவு செய்யாதீர்கள், எவ்வளவு கொடுத்தால் இறங்குவீர்கள் என்று பயணிகளிடமே கேளுங்கள், குறைவாகக் கேட்பவர் இறங்கட்டும். விமான நிறுவனங்கள் இதைச் சிரித்து ஒதுக்கின. 1978-இல் அமெரிக்க சிவில் விமான வாரியம், முதலில் தாமாக முன்வருபவர்களைத் தேட வேண்டும் என்று விதியாகவே போட்டது. அதற்கு அப்புறம்தான் கேட்டில் "யாராவது அடுத்த விமானத்தில் போகத் தயாரா, 300 டாலர் தருகிறோம்" என்ற குரல் கேட்க ஆரம்பித்தது. 2011-இல் டெல்டா விமான நிறுவனம் இன்னும் ஒரு படி போய், செக்-இன் செய்யும்போதே எவ்வளவுக்கு விட்டுக்கொடுப்பீர்கள் என்று கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள ஆரம்பித்தது, கேட்டில் கூவ வேண்டிய அவசியமே பாதி போய்விட்டது.

சைமனின் யோசனைக்கு உயிரே, ஆள் கிடைக்கும்வரை விலை ஏறவேண்டும் என்பதில்தான் இருக்கிறது. 800-இல் நிறுத்தினால் அது ஏலம் இல்லை, சும்மா சம்பிரதாயம்.

அதற்குப் பிறகு

யுனைடெட்டின் தலைமை நிர்வாகி ஆஸ்கர் முன்யோஸ் முதலில் விட்ட அறிக்கையில், பயணிகளுக்கு மாற்று ஏற்பாடு செய்ய நேர்ந்ததற்கு வருத்தம் என்கிற ரீதியில் இருந்தது. ஊழியர்களுக்கு அனுப்பிய கடிதத்தில் அந்தப் பயணியைத் தகராறு செய்தவர் என்று எழுதியதும் வெளியே வந்துவிட்டது. பங்கு விலை சரிந்தது. ஏப்ரல் 11-ஆம் தேதி முழு மன்னிப்பு. (அதற்கு முந்தைய மாதம்தான் பி.ஆர். வீக் பத்திரிகை அவருக்கு, மக்களோடு சிறப்பாகத் தொடர்புகொள்பவர் என்று விருது அறிவித்திருந்தது.) ஏப்ரல் 27-இல் மருத்துவரோடு சமரசம், தொகை ரகசியம். சம்பவத்தில் தொடர்புடைய அலுவலர்களில் இருவரை அந்த ஆண்டிலேயே நகர நிர்வாகம் வேலையிலிருந்து நீக்கியது. மத்திய போக்குவரத்துத் துறை நிறுவனத்தின் மீது நடவடிக்கை எதுவும் எடுக்கவில்லை.

சமரசம் வந்த அதே நாளில் யுனைடெட் பத்து மாற்றங்களை அறிவித்தது. அவற்றில் உருப்படியானவை மூன்று என்பேன். தாமாக இறங்குபவருக்கு 10,000 டாலர்வரை கொடுக்கலாம். உட்கார்ந்த பயணியை, பாதுகாப்புக் காரணம் தவிர, எழுப்பக் கூடாது. மூன்றாவது, பலர் கவனிக்காதது, ஆனால் நோயின் வேரைத் தொட்டது அதுதான்: பணி நிமித்தம் போகும் ஊழியர்களை விமானம் கிளம்ப 60 நிமிடம் முன்பே பதிவு செய்திருக்க வேண்டும். அதாவது, கட்டாயம் ஏற்ற வேண்டியவர் என்றாலும் சார்ட் போடுவதற்கு முன்னாலேயே வந்து சொல். டெல்டா உச்சவரம்பை 9,950 ஆக்கியது, சவுத்வெஸ்ட் நிறுவனம் ஓவர்புக்கிங்கையே, அதாவது இருக்கையைவிட அதிகமாக டிக்கெட் விற்பதையே, நிறுத்துவதாகச் சொன்னது. 10,000 எல்லாம் விளம்பரத்துக்கு என்றுதான் நினைத்தேன். ஆனால் 2018 மார்ச்சில் வாஷிங்டனின் டல்லஸ் விமான நிலையத்தில் ஆஸ்டின் போகவிருந்த ஒரு பயணிக்கு உண்மையிலேயே 10,000 டாலர் வவுச்சர் எழுதிக் கொடுத்தார்கள். அமெரிக்க விமான நிறுவனங்களில் விருப்பமின்றி ஏற்ற மறுக்கப்பட்டவர்கள் 2016-இல் 10,000 பயணிகளுக்கு 0.62 என்று இருந்தது, 2017-இல் 0.34. அதிகாரத்தைக் கேட்டில் நிற்பவர் கையில் கொடுத்ததும் எண் கிட்டத்தட்ட பாதியாகிவிட்டது பாருங்கள்.

2018-இல் இது சட்டமாகவும் ஆனது. உறுதியான டிக்கெட் இருந்து, நேரத்துக்குச் செக்-இன் செய்து, போர்டிங் பாஸை கேட்டில் ஸ்கேன் செய்து ஏற்றுக்கொண்டார்கள் என்றால், அதன் பிறகு இடமில்லை என்று சொல்லி அந்தப் பயணியை இறக்க முடியாது. பாதுகாப்பு, உடல்நலம், நடத்தை போன்ற காரணங்கள் வேறு. 3411 நடந்தபோது, கதவு மூடும்வரை போர்டிங் முடியவில்லை, ஆகவே உள்ளே உட்கார்ந்திருப்பவரையும் "ஏற்ற மறுக்கலாம்" என்று வாதிட முடிந்தது. இப்போது கோடு எங்கே என்பது தெளிவு, ஸ்கேனர் பீப் அடிக்கும் இடத்தில்.

ஆனால் அந்தச் சட்டத்தின் முதல் நிபந்தனையைக் கவனியுங்கள்: உறுதியான டிக்கெட். ஊழியர் பாஸில் வரும் ஸ்டாண்ட்பை ஆளுக்கு அது கிடையாது. அவர் சீட்டு வாங்கி, ஸ்கேன் ஆகி, உள்ளே போய் உட்கார்ந்து பெல்ட்டும் போட்டிருக்கலாம். கடைசி நிமிடத்தில் தாமதமான இணைப்பு விமானத்திலிருந்து ஒரு டிக்கெட்டுக்காரர் ஓடி வந்து, ஏஜென்ட்டும் இரக்கப்பட்டு ஏற்றலாம் என்று முடிவு செய்தால், உள்ளே வந்து இவரைத்தான் எழுப்புவார்கள். இழப்பீடும் கிடையாது. இதில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் கதவு மூடும்வரை பெட்டியைக் காலடியிலேயே வைத்துக்கொள்வார்கள், இயர்போனைக் காதில் மாட்ட மாட்டார்கள். பெயர் கூப்பிட்டால் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போய், வெளியே வந்து, அடுத்த விமானம் எத்தனை மணிக்கு, அதில் பட்டியல் எவ்வளவு நீளம் என்று செயலியைத் திறப்பார்கள்.